தேய்ந்தது தேய்ந்தபடியே

ஒன்பது மணிக்குக் கரண்ட் போய்விட்டது, மாதத்துக்கு ஒரு தடவை போகிறதுதான், இனிமேல் சாயங்காலம்தான் வரும், என் லேத் நின்றுவிட்டது, பக்கத்துப் பட்டறைகளும் நின்றுவிட்டன, ஆவாரம்பாளையத்தில் இப்படி ஓர் அமைதி வந்தால் எனக்கு ஆகாது, கை சும்மா இருந்தால் தலை ஓட ஆரம்பித்துவிடும். ஜன்னலோர மேஜையில் பழைய துண்டை விரித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஒரு சாண் நீள இரும்புத் தண்டு, தலையில் எலுமிச்சம்பழ அளவுக்குச் சிவப்புக் குமிழ். பழைய வீடியோ கேம் மெஷினில் நின்றுகொண்டு பிடித்து ஆட்டுவார்களே, அந்த ஜாய்ஸ்டிக். இடது பக்கம் இருப்பது அந்தப் பெண் கொண்டுவந்த பழசு, வலது பக்கம் இருப்பது நான் செய்தது. இடது பழசு, வலது புதுசு. காலையிலிருந்து இதை நாலைந்து தடவை சொல்லிக்கொண்டாயிற்று. குன்னூரிலிருந்து முதல் பஸ்ஸில் கிளம்பியிருந்தால் பதினொரு மணிக்குள் வந்துவிடுவாள். வந்து இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். எங்கே போவாள், யாரிடம் கொடுப்பாள், என்ன சொல்லிக் கொடுப்பாள்? அதுதான். மூன்று வாரமாய் அதுதான். புதுசு வேண்டும் என்று கேட்கிறவர்களைத்தான் எனக்குத் தெரியும். தேய்ந்ததைக் கொண்டுவந்து தேய்ந்ததாகவே இன்னொன்று வேண்டும் என்று கேட்கிறவளை இப்போதுதான் பார்க்கிறேன். தேய்ந்தது எதற்கு? நல்லதற்கு யாராவது தேய்ந்ததைக் கேட்பார்களா?

பன்னிரண்டு வருஷமாய் இந்த வேலை செய்கிறேன். பம்ப் கம்பெனி டூல் ரூமில் இருபத்தைந்து வருஷம் நின்றுவிட்டு வெளியே வந்தபோது, தெரிந்தவர் ஒருவர் உடைந்த பட்டன் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார், மருதாசலம், இந்த மாதிரி ஒன்று செய்ய முடியுமா, வெளிநாட்டில் என் மச்சான் பழைய கேம் மெஷின் வாங்கி வைத்திருக்கிறான், செய்த கம்பெனியே இப்போது இல்லையாம் என்றார். செய்து கொடுத்தேன். அவர் மச்சான் தன் சிநேகிதனிடம் சொல்ல, அவன் இன்னொருவனிடம் சொல்ல, இப்போது ஜெர்மனியிலும் ஜப்பானிலும் என் பட்டனை அமுக்குகிறார்கள், நான் கடைந்த ஸ்டீயரிங்கைத் திருப்புகிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் ஒரே பேச்சுதான், கடையிலிருந்து இறங்கிய அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி வேண்டும். சிவப்பு சிவப்பாய், விளிம்பு விளிம்பாய். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. இவள் ஆசை புரியவில்லை. நீலச் சேலை, தோளில் துணிப்பை, நாற்பத்தைந்து வயசு இருக்கும், பேர் பிரிசில்லா என்றாள். மேஜைமேல் கைக்குட்டையைப் பிரித்து இதை வைத்தாள், வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை. "அண்ணா, எப்படி இருக்கோ அப்படியே இன்னொண்ணு வேணும். தேஞ்சது தேஞ்சபடியே." கலர் மங்கியிருக்கே அம்மணி, புதுசாவே பண்ணித் தர்றேனே என்றேன். "மங்கினது மங்கினபடியே. கீறல்கூட. ரெண்டையும் பக்கத்துல வெச்சா யாராலயும் எது எதுன்னு கண்டுபிடிக்கக் கூடாது." யாராலும் என்றால் யாரால்? கேட்டேன், கைக்குட்டையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். அளவுக்காகப் போட்டோ எடுக்கப் போனை எடுத்தேன், சட்டென்று கையை நடுவில் நீட்டினாள். "போட்டோ வேண்டாங்கண்ணா." முடிந்ததும் பார்சலில் அனுப்புகிறேன், அட்ரஸ் எழுதுங்கள் என்றேன், நானே வர்றேன் என்றாள். போன் நம்பர்? நானே கூப்பிடறேன். கூப்பிட்டபோது வந்த நம்பரும் யாரோ கடைக்காரருடையது, திருப்பி அடித்துப் பார்த்தேன், பேக்கரி என்றார்கள். போட்டோ வேண்டாம், அட்ரஸ் இல்லை, நம்பர் இல்லை, எது எது என்று தெரியக் கூடாது. இதையெல்லாம் வரிசையாய் வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? எனக்குத் தெரிகிறது. என் வீட்டுக்காரி கனகமணிக்குத்தான் தெரியவில்லை.

கனகமணி காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நிற்கிறாள், மின்விசிறி இல்லாத வீட்டுக்குள்ளே உட்கார முடியாமல் பட்டறைக்கு வந்திருக்கிறாள். "ஏனுங், இன்னும் அதையேதான் பாத்துட்டு இருக்கறீங்களா?" எது பழசு சொல்லு என்கிறேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டையும் எடுத்துப் பார்க்கிறாள், முகர்ந்துகூடப் பார்க்கிறாள், வலது பக்கத்தைக் காட்டுகிறாள். தப்பு. எனக்கு ஒரு கணம் மார்பு விரிகிறது, அடுத்த கணமே சுருங்குகிறது, இவ்வளவு நன்றாய் ஏன் செய்தேன். "பொம்பள ஒருத்தி ஒரு சாமானம் கேட்டா, பண்ணிக் குடுங்க. அவ போலீஸா, திருடியா, உங்களுக்கென்ன?" எனக்கென்னவா? பெங்களூர்க்காரனை மறந்துவிட்டாளா? மூன்று வருஷத்துக்கு முன்னால் பன்னிரண்டு குமிழ் வாங்கிக்கொண்டு போனான், எவ்வளவு மரியாதை, மாஸ்டர் மாஸ்டர் என்று வாய் நிறைய. கொண்டுபோய் மண்ணில் புரட்டி, டீத்தண்ணியில் ஊறவைத்து, அந்தக் காலத்து அசல் என்று விற்றுவிட்டான். வாங்கியவர்களில் ஒருத்தன் என் பழைய வாடிக்கைக்காரன். குமிழுக்குள் திருகு ஏறுகிற மறையைப் பார்த்ததும் இது மருதாசலத்தின் கடைசல் என்று தெரிந்துகொண்டான். எனக்கு எழுதினான். ஒரே வரி. நீ இவ்வளவு கீழே இறங்குவாய் என்று நினைக்கவில்லை. நான் இறங்கவில்லை ஐயா, நான் செய்து கொடுத்தது புதுசு என்று சொல்லித்தான் என்று நாலு கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை, இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. "அவன் வேற, இவ வேற," என்கிறாள் கனகமணி, காலி டம்ளரை எடுத்துக்கொண்டே. "வந்தா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதீங்க. உக்காரச் சொல்லுங்க. அம்புட்டுத் தூரத்துல இருந்து வர்றா." அவன் மண்ணில் புரட்டியாவது பழசாக்கினான். இவள் அந்த வேலையையும் என்னையே செய்ய வைத்துவிட்டாள்.

ஆனால் செய்தபோது சந்தோஷமாய்த்தான் செய்தேன், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பழைய டெலிபோன்களை உடைத்து எடுத்த கெட்டிப் பிளாஸ்டிக் கொஞ்சம் வைத்திருந்தேன், அதைக் கடைந்து, சாயம் ஏற்றி, மெழுகும் விளக்கெண்ணெயும் போட்டுக் கையாலேயே தேய்த்துத் தேய்த்து ஆறு நாள். தேய்மானத்தைச் செய்ய வேண்டுமென்றால் தேய்த்த கையைத் தெரிய வேண்டும். வலக்கைக்காரன். உள்ளங்கையை மேலே கவிழ்த்துப் பிடிக்கிறவன், அதனால் உச்சியில் வழவழப்பு. இடது பக்கம் இழுக்கிற வேகம் வலது பக்கத்துக்கு இல்லை. மோதிர விரலில் ஏதோ போட்டிருந்தான், ஒரே இடத்தில் பொடிப்பொடியாய்க் கீறல். கோபத்தில் குத்துகிறவன் இல்லை, தண்டு வளையவில்லை. முகம் தெரியாத ஒருத்தனின் கைக்குள் என் கையை விட்டுப் பார்த்த மாதிரி இருந்தது. அதுவரை சரி. ஆனால் குமிழின் அடிப்பக்கத்தில், தண்டோடு சேரும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு பள்ளம் இருக்கிறது. கட்டைவிரல் அளவு. மற்ற எல்லாத் தேய்மானத்தையும்விட ஆழம், கண்ணாடி போலப் பளபளப்பு. அங்கே விரல் படாது. எந்த விளையாட்டிலும் படாது. மெஷினில் மாட்டியிருக்கும்போது அந்த இடத்துக்குக் கட்டைவிரலைக் கொண்டுபோக வேண்டுமென்றால் கையைத் தலைகீழாக முறுக்க வேண்டும். மணிக்கணக்கில் யோசித்தேன். குழந்தைகள் எக்கிப் பிடித்திருப்பார்களா? அவ்வளவு சின்ன விரல் இல்லை. அப்படியானால் ஒரே ஒரு பதில்தான். யாரோ வேண்டுமென்றே தேய்த்தது. அப்படியானால் அவள் கொண்டுவந்ததே அசல் இல்லை. போலியைக் கொண்டுவந்து போலி கேட்கிறாள். எதற்கு? இரண்டு பேருக்கு விற்க. இரண்டு பேரிடமும் இதுதான் ஒன்றே ஒன்று என்று சொல்லி. இப்படி நினைத்ததும் எல்லாம் சரியாய்ப் பொருந்துகிறது, போட்டோ, அட்ரஸ், பேக்கரி. இப்படிச் சரியாய்ப் பொருந்தினால் நிம்மதி வர வேண்டுமே, ஏன் வரவில்லை?

அதனால்தான் அடையாளம் வைத்தேன். நேற்று மத்தியானம், கனகமணி தூங்கும்போது. என் குமிழைத் தண்டிலிருந்து கழற்றி, அடியில், மறைக்குப் பக்கத்தில், இரும்பு வளையம் மூடிக்கொள்கிற இடத்தில், ஊசியைச் சுட வைத்து மூன்று புள்ளி. திரும்ப முடுக்கிவிட்டால் தெரியாது. நாளைக்கு எவனாவது வந்து மருதாசலம் போலி செய்கிறான் என்றால் கழற்றிப் பார், நான் செய்தது என்று நானே எழுதி வைத்திருக்கிறேன் என்று சொல்லலாம். நியாயம்தானே. ஆனால் யாருக்கும் தெரியாமல் செய்தேன், அவளுக்குத் தெரிந்தால் வாங்க மாட்டாள் என்று தெரிந்தே செய்தேன், அதற்கு என்ன பேர்? ஏமாற்றுகிறவளை ஏமாற்றினால் அது ஏமாற்று இல்லை என்று நேற்று தோன்றியது. இன்றைக்கு இந்த அமைதியில் அவ்வளவு உறுதியாய்த் தோன்றவில்லை. மணி பத்தே கால். தெருவில் ஆட்டோ ஒன்று நிற்கிறது, எழுந்து பார்க்கிறேன், எதிர்வீட்டுக்கு வந்தது.

முதல் நாள் போகும்போது அவள் ஒன்று கேட்டாள். மேஜை ஓரத்தில் பித்தளை வாஷர் கொஞ்சம் குவிந்து கிடந்தது, அதில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "டோக்கன் மாதிரியே இருக்குதுங்கண்ணா. நீங்க டோக்கன்கூடப் பண்ணுவீங்களா?" என்றாள். சாதாரணமாய்த்தான் கேட்டாள். சாதாரணமாய்த்தானா? இல்லீங்க, அதெல்லாம் பண்றதில்லை என்றேன், ஆனால் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. பண்ணியிருக்கிறேன். இருபது வயசில். கம்பெனியில் அப்ரெண்டிஸ், நூறடி ரோட்டுப் பக்கம் ஒரு வீடியோ கேம் கடை, பித்தளை டோக்கன் வாங்கிப் போட்டால் விளையாடலாம். சாப்பாட்டு நேரத்தில் துண்டுப் பித்தளையை லேத்தில் போட்டு அதே கனம், அதே விட்டம், அதே ஓரப்பல். முதல் நாள் ஒன்று. அப்புறம் பத்து. அப்புறம் சிநேகிதர்களுக்கு. கல்லாவில் இன்னாசி என்று ஒருத்தர், மெலிந்த ஆள், என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். ராத்திரி எண்ணிப் பார்த்தால் விற்ற டோக்கனைவிடப் பெட்டிக்குள் அதிகம் இருக்கிறது, முதலாளி யாரைச் சந்தேகப்படுவான்? டோக்கனை ரோட்டில் விற்றுக் காசை நீயே பையில் போட்டுக்கொள்கிறாயா என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். நான் அங்கேதான் நின்றேன். என் சட்டைப்பையில் ஏழு டோக்கன் இருந்தது. இன்னாசி சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் அவரைப் பார்க்கவில்லை. மேலே குன்னூர்ப் பக்கம் போய்விட்டார் என்று யாரோ சொன்னார்கள். குன்னூர்.

அங்கேதான் ஒவ்வொரு தடவையும் சிக்கிக்கொள்கிறது. குன்னூர், கிறிஸ்துவப் பேர், டோக்கன் பண்ணுவீங்களா. இன்னாசிக்கு மகள் இருந்தால் இந்த வயசுதான் இருக்கும். முப்பத்தெட்டு வருஷம் கழித்து ஒரு மகள் வந்து, இவன்தான் என்று கண்டுபிடித்து, ஒரு போலியைச் செய்ய வைத்து, கையும் களவுமாய்ப் பிடித்து... இது பைத்தியக்காரத்தனம், எனக்குத் தெரிகிறது. யாருக்கும் தெரியாத விஷயம், கனகமணிக்கே சொல்லாத விஷயம், அவளுக்கு எப்படித் தெரியும்? ஆனால் தலைக்கு அதெல்லாம் வேண்டாம், அது ஓடும், நின்ற பட்டறைக்குள்ளே தனியாய் ஓடும். ஒருவேளை நான் யாரையும் நம்பாததே இதனால்தானோ. ஒரு பித்தளைத் துண்டில் என்னவெல்லாம் செய்யலாம் என்று எனக்குத் தெரியும், செய்தவன் முகத்தை எவ்வளவு சாதாரணமாய் வைத்துக்கொள்ளலாம் என்று தெரியும், அதனால் சாதாரணமாய் இருக்கிற முகம் எதைப் பார்த்தாலும் சட்டைப்பையில் ஏழு டோக்கன் இருப்பதாகவே தோன்றுகிறது.

பதினொன்று அடிக்கப் பத்து நிமிஷம். வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம். "அண்ணா?" அதே நீலச் சேலை. மலையிலிருந்து இறங்கிய முகம் வேர்த்திருக்கிறது. உள்ளே வந்தவள் மேஜையைப் பார்க்கவில்லை, வேண்டுமென்றே பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், அதுவும் எனக்குச் சந்தேகமாய்த்தான் இருக்கிறது. துண்டின் ஓரத்தை மடித்து இரண்டையும் மூடுகிறேன். உட்காரச் சொல்ல நினைத்தேன், வேறு வார்த்தை வந்துவிட்டது. "இதை எங்க கொண்டு போய் விக்கப் போறீங்க அம்மணி?" அவள் திரும்பினாள். "விக்கவா?" "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்காதீங்க. இப்படி ஒருத்தன் ஏற்கெனவே வந்துட்டுப் போயிட்டான். குமிழுக்கு அடியில இருக்கற பள்ளம் விளையாண்டு வந்த பள்ளம் இல்லை. யாரோ வேணும்னு தேச்சது. நீங்க கொண்டு வந்ததே சரியில்லை. ரெண்டு பேருக்கு விக்கறதுக்குத்தானே ரெண்டு?" என் குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும், கரண்ட் இல்லாத தெரு. அவள் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன், பயம் வரும் என்று பார்த்தேன். இரண்டும் வரவில்லை. மெதுவாய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அந்தப் பள்ளம் எங்கம்மாவோடதுங்கண்ணா," என்றாள்.

அவள் சொல்லிக்கொண்டே போகிறாள், நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவள் அண்ணன் ரூபன். குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே டூரிஸ்ட்காரர்களுக்காக ஒரு கேம் கடை, அதில் மெஷின்களைத் துடைத்து ரிப்பேர் பார்க்கிற வேலை. கடை திறப்பதற்கு முன்னால் தினம் அரைமணி நேரம் ஒரே மெஷினில் அவன் விளையாடுவான், முதலாளி கண்டுகொள்ள மாட்டார். இருபத்துநாலு வயசில், மலைப்பாதையில் பர்லியார் வளைவில் பிக்கப் வண்டி கவிழ்ந்து போய்விட்டான். கடையை மூடியபோது முதலாளி அந்த மெஷினின் ஜாய்ஸ்டிக்கை மட்டும் கழற்றிக்கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். "அன்னைக்குக் கையில வாங்குனவங்கதான், கீழ வெக்கவே இல்லை. ஜெபம் பண்ணும்போது கையில இருக்கும், படுத்தா தலகாணிக்கு அடியில இருக்கும். தண்டை உள்ளங்கையில புடிச்சுக்கிட்டு கட்டைவிரலால அந்த எடத்தைத் தடவிக்கிட்டே இருப்பாங்க. இருபத்தாறு வருஷம். எங்களோட பேசும்போதும் விரல் அங்கதான் இருக்கும்." அம்மா இறந்து மூன்று மாதம். இவளும் திருப்பூரில் இருக்கிற அக்கா ஏஞ்சலினும் மற்ற எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டார்கள், நகை, பாத்திரம், பைபிள்கூட. இது ஒன்றில்தான் முட்டிக்கொண்டது. நாற்பதாம் நாள் ஜெபத்தன்று எல்லோர் எதிரிலும் இவள் அக்காவின் கையிலிருந்து பிடுங்கியிருக்கிறாள், அக்கா இவளை அடித்திருக்கிறாள். அதற்கப்புறம் பேச்சில்லை. "எங்களுக்கு வேற யாரும் இல்லைங்கண்ணா. அவளுக்கு நான், எனக்கு அவ. அதான் ரெண்டு கேட்டேன். அவ கையில ஒண்ணு, என் கையில ஒண்ணு. எது அண்ணனோடதுன்னு எனக்கே தெரியாதுடி, ஒண்ணை எடுத்துக்கோன்னு அவகிட்ட நான் பொய் இல்லாம சொல்லணும். நான் பொய் சொன்னா அவ கண்டுபிடிச்சுடுவா. அதுக்காகத்தான் போட்டோ வேண்டாம்னேன். பின்னால பாத்து ஒத்துப் பாத்துருவேன். அட்ரஸ் குடுத்தா என்னைக்காவது நீங்க மனசு கேக்காம எது பழசுன்னு எழுதிருவீங்க."

கேட்கக் கூடாது, ஆனால் என் வாய் கேட்டுவிட்டது. "உங்க அப்பா பேரு?" அவளுக்கு விளங்கவில்லை. "ஆபிரகாம். டீ ஃபேக்டரில இருந்தாரு. ஏங்கண்ணா?" ஒண்ணுமில்லீங்க என்றேன். இன்னாசி இல்லை. ஒரு பெருமூச்சு வந்தது, அந்தப் பெருமூச்சு வந்ததற்காக வெட்கமாய் இருந்தது, ஒரு பெண் தன் செத்துப்போன அண்ணனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது எனக்கு நான் தப்பித்தேனா இல்லையா என்பதுதான் பெரிதாய் இருக்கிறது. அப்புறம் அந்த மூன்று புள்ளிகள் ஞாபகம் வந்தன. என்றைக்காவது குமிழ் லூசாகும். அக்காவோ தங்கச்சியோ கழற்றி இறுக்கப் பார்ப்பார்கள். ஒன்றில் புள்ளி, ஒன்றில் இல்லை. அன்றைக்கு மறுபடியும் நாற்பதாம் நாள் சண்டைதான். "கொஞ்சம் பிசிறு இருக்குதுங்க, எடுத்துட்டு வந்துர்றேன்," என்று துண்டோடு சேர்த்து இரண்டையும் அள்ளிக்கொண்டு உள்ளறைக்குப் போனேன். கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை வைத்து என் குமிழைக் கழற்றி அடியைத் தேய்த்தேன். எட்டு தேய்ப்பில் புள்ளி போய்விட்டது. ஆனால் தேய்த்த இடம் வெளுத்துத் தெரிகிறது. இதையும் ஒருத்தி பார்ப்பாள். அப்படியானால் அதையும் தேய்க்க வேண்டும். பழசை. பன்னிரண்டு வருஷத்தில் நான் எந்த அசலின்மேலும் உப்புத்தாளை வைத்ததில்லை, கீறல் படாமல் அளந்து, துணி சுற்றித் திருப்பிக் கொடுத்திருக்கிறேன், அதுதான் என் பெருமை. ரூபனின் குமிழைக் கழற்றினேன். உள்ளே, யாரும் தொடாத அந்த வளையத்தில், செய்த அன்றைய சிவப்பு அப்படியே இருந்தது. கண்ணில் படாமல் இவ்வளவு வருஷம் இருந்திருக்கிறது. அதைத் தேய்த்தேன். எட்டு தடவை, எண்ணி. இரண்டுக்கும் மெழுகு தடவி முடுக்கினேன்.

திரும்பி வந்தபோது கனகமணி அவளுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள், நான் கத்தியதைக் கேட்டிருக்க வேண்டும், என்னைப் பார்க்கவே இல்லை. இரண்டையும் மேஜைமேல் வைத்தேன். பிரிசில்லா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியலைங்கண்ணா," என்றாள், சிரிப்பும் பயமுமாய், "நெசமாவே தெரியலை." பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாய் எடுத்தாள். தண்டை உள்ளங்கையில் பிடித்துக் கட்டைவிரலைப் பள்ளத்தில் வைத்தாள். ஒன்றை உடனே வைத்துவிட்டாள். இன்னொன்றில் விரல் நின்றது. மெல்ல வட்டமாய் ஓட ஆரம்பித்தது. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. "அம்மா," என்றாள், எங்களிடம் இல்லை. அவள் கையில் இருந்தது நான் செய்தது. ஆறு நாள் என் கட்டைவிரல் தேய்த்த இடம். ஏதாவது ஒரு சத்தம் என்னிடமிருந்து வந்திருக்கும், அவள் சட்டென்று கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். விரலை எடுத்துவிட்டுக் குமிழைக் கீழே வைத்தாள். "உங்களுக்குத் தெரியும்," என்றாள். "எனக்குங்களா?" "உங்க மூஞ்சியில தெரியுது. எதுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?" கனகமணியும் இப்போது என்னைப் பார்க்கிறாள். காலையில் இடது பழசு, வலது புதுசு என்று சொல்லிக்கொண்டே இருந்தவன் நான். "தெரியாதும்மா," என்றேன். "உள்ள கழட்டி மாட்டும்போது எனக்கே குழம்பிப் போச்சு." முகத்தைச் சாதாரணமாய் வைத்துக்கொண்டேன், அது எனக்கு நன்றாகவே வரும்.

அவள் நம்பவில்லை. மூன்று வாரமாய் நான் அவளை எப்படிப் பார்த்தேனோ அப்படி அவள் என்னைப் பார்த்தாள், வாயை, கண்ணை, கையை. அப்படிப் பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. கனகமணி இரண்டையும் தனித்தனியாய்ப் பேப்பரில் சுற்றி, ஒரே மாதிரி நூல் கட்டிக் கொடுத்தாள். அவளிடம் மட்டும் போயிட்டு வர்றேங்கக்கா என்று சொல்லிவிட்டுப் பிரிசில்லா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். நான் பின்னால் போய் நடைவாசலில் நின்றேன். இடது கையில் இருப்பது ரூபனுடையது, வலது கையில் இருப்பது என்னுடையது. பார்க்க வேண்டாம் என்று நினைத்தாலும் கண் அதைத்தான் பார்க்கிறது. கேட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு, தலையை மேலே தூக்கி, வானத்தைப் பார்த்தபடியே இரண்டு பொட்டலத்தையும் துணிப்பைக்குள் போட்டாள். கையை உள்ளே விட்டு இரண்டையும் புரட்டினாள். முழங்கை அசைகிறது, முன்னும் பின்னும், ஒரு தடவை, இரண்டு தடவை, நான் எண்ணப் பார்க்கிறேன், ஐந்துக்கு மேல் எண்ண முடியவில்லை. கையை வெளியே எடுத்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஆட்டோ ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். "என்னுங்க பண்றா அந்தப் புள்ள?" என்று கனகமணி உள்ளேயிருந்து கேட்டாள். எதுவுமில்லை என்றேன். அவள் தெருமுனை திரும்புகிறவரை அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இனி யார் வந்து கேட்டாலும் தெரியாது என்று சொல்லலாம், அது பொய்யாக இருக்காது.